மகிழ்விக்க, விளக்க, மனத்தை மாற்ற: மேடைப் பேச்சு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேடையேறப் போகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. சிலவற்றுக்குப் பதில் நீளம். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

பேச்சுக்கு மூன்று நோக்கங்கள் என்கிறார்களே, அவை எவை?

மகிழ்விப்பது, விளக்குவது, மனத்தை மாற்றுவது. இந்தப் பிரிவு மிகப் பழையது. கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமில் வழக்காடியும் அரசியல் செய்தும் வாழ்ந்த சிசரோ, பேச்சாளர் கற்பிக்க வேண்டும், களிப்பூட்ட வேண்டும், உள்ளத்தை அசைக்க வேண்டும் என்றார். கற்பிப்பது கடன், களிப்பூட்டுவது அதற்கு மேல் கொடுக்கும் அன்பளிப்பு, அசைப்பதோ தவிர்க்க முடியாதது என்பது அவர் கணக்கு.

இதை அவர் மூன்று வகைப் பேச்சாகச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரே ஆள் ஒரே பேச்சில் செய்ய வேண்டிய மூன்று வேலைகள் அவை. பாடப்புத்தகங்களுக்கு வந்து சேர்வதற்குள் மூன்று தனித்தனி டப்பாக்களாகிவிட்டன. தேர்வெழுத அது வசதி. மேடையில் நிற்பவருக்கு அவ்வளவு உதவாது.

சரி, என் பேச்சின் நோக்கத்தை எப்படி முடிவு செய்வது?

கேட்டவர்கள் எழுந்து போகும்போது அவர்களிடம் என்ன மாறியிருக்க வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். மனநிலையா, அறிவா, முடிவா?

"இரத்த தானம் பற்றிப் பேசப் போகிறேன்" என்பது வெறும் தலைப்பு. கொடுத்த இரத்தத்தில் திரவப் பகுதியான பிளாஸ்மா ஓரிரு நாளில் மறுபடி ஊறிவிடும், சிவப்பணுக்கள் ஈடாகச் சில வாரங்கள் ஆகும் என்பது கேட்பவருக்குப் புரிய வேண்டுமென்றால், அது விளக்கப் பேச்சு. இந்த அறையில் பத்துப் பேராவது இன்றே பெயர் கொடுக்க வேண்டுமென்றால், அது மனத்தை மாற்றும் பேச்சு. முதல்முறை ஊசியைப் பார்த்ததும் நான் சரிந்து விழுந்த கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்து அனுப்பினால் போதுமென்றால், அது மகிழ்விப்பு. தலைப்பு ஒன்றுதான். எங்கே தொடங்குவது, எதை விட்டுவிடுவது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் மூன்றிலும் வேறு வேறு.

அந்த ஒரு வாக்கியம் வரவில்லையென்றால் ஸ்லைடு தயாரிக்க உட்காராதீர்கள்.

மூன்றையும் ஒரே பேச்சில் கலக்கலாமா?

கலக்காமல் இருக்கவே முடியாது. ஆனால் ஒன்று முன்னால் போக வேண்டும், மற்ற இரண்டும் அதற்கு வேலை செய்ய வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்த உதாரணம் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங். 2006இல் டெட் (TED) என்ற பேச்சு மாநாட்டின் மேடையில் உலக நாடுகளின் பிறப்பு விகிதத்தையும் ஆயுட்காலத்தையும் குமிழ்களாகத் திரையில் ஓடவிட்டு, பந்தய வர்ணனையாளர் போலக் கத்திக் கத்தி விளக்கினார். புள்ளிவிவரத்துக்கு ஜனங்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அடுத்த ஆண்டு அதே மேடையில் பேச்சின் கடைசியில் சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு வாளை விழுங்கியே காட்டினார். நடக்காது என்று நினைப்பது நடக்கும் என்பதுதான் அன்றைய பேச்சின் கருத்து. வாள் வித்தை அந்தக் கருத்துக்கு வேலை செய்தது.

என் கதை நேர்மாறு. ஓர் அலுவலகத்தில் தீ விபத்துப் பாதுகாப்பு பற்றி அரை மணி நேரம் பேசினேன். நள்ளிரவில் அலாரம் தவறுதலாக அடித்த கதை ஒன்றை நடுவில் வைத்தேன். அறையே அதிர்ந்தது. சில வாரம் கழித்து அங்கே வேலை பார்க்கும் ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்தபோது அந்தக் கதையை வரி பிசகாமல் திருப்பிச் சொன்னார். அவசர வழி எந்தப் பக்கம் என்று கேட்டேன். அசடு வழிந்தார். உண்மையில் அசடு வழிய வேண்டியவன் நான்தான்.

எனக்கு நகைச்சுவையே வராது. மகிழ்விக்கும் பேச்சு எனக்கு எட்டாததா?

மகிழ்விப்பது என்றால் ஜோக் என்று யார் சொன்னார்கள்? அடுத்து என்ன நடக்கும் என்று காத்திருக்க வைப்பதும் மகிழ்விப்புதான். 2007 ஜனவரி 9 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் இன்று மூன்று புதிய கருவிகளை அறிமுகப்படுத்தப் போகிறேன் என்றார். தொடுதிரையுள்ள ஐபாட் ஒன்று, ஒரு தொலைபேசி, இணையத்துக்கான கருவி ஒன்று. மூன்றின் பெயரையும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் அரங்கத்துக்குப் பொறி தட்டியது. மூன்று கருவி இல்லை, ஒன்றேதான். அதுதான் ஐஃபோன். அதில் ஜோக் எதுவும் இல்லை. கேட்பவர் தாமாகவே கண்டுபிடித்துக்கொள்ள அரை நிமிடம் இடம் விட்டார், அவ்வளவுதான்.

சிரிப்பும் வேண்டும் என்கிறவர்களுக்கு: எதிர்பார்ப்பை ஒரு பக்கம் கொண்டுபோய், கடைசிச் சொல்லில் மறுபக்கம் திருப்புவதுதான் பாதித் தொழில். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவது இதற்குக் கிடைத்த வரம். வாக்கியம் முழுக்கக் கேட்பவரைக் கூட்டிப்போய்க் கடைசி அசையில் கவிழ்க்கலாம். திருப்புகிற சொல்லுக்குப் பிறகு ஒரு சொல்கூடப் பேசாதீர்கள். அதற்கு மேல் பேசினால் உங்கள் சிரிப்பை நீங்களே மிதிக்கிறீர்கள்.

இன்னொன்று, உட்காரும் இடம். சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் ப்ரோவைன், தனியாக இருக்கும்போதைவிட மற்றவர்களோடு இருக்கும்போது மனிதர்கள் சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று கண்டார். பெரிய அரங்கில் முப்பது பேர் சிதறி உட்கார்ந்திருந்தால் நல்ல நகைச்சுவையும் செத்துவிடும். பேசத் தொடங்குமுன் எல்லோரையும் முன்வரிசைக்கு வரச் சொல்லுங்கள்.

யாரைக் கேலி செய்யலாம்? உங்களை. உங்களைவிட அதிகாரத்தில் இருப்பவரை, கொஞ்சம் பார்த்து. எதிரே உட்கார்ந்திருக்கும் தனி ஒருவரை வேண்டாம்.

விளக்கும்போது எல்லோரும் தலையாட்டுகிறார்கள். பிறகு கேட்டால் யாருக்கும் புரிந்திருக்கவில்லை. ஏன்?

உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருப்பதால். வேடிக்கையாகச் சொல்லவில்லை. 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி ஒரு சோதனை செய்தார். எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளின் தாளத்தை ஒருவர் மேசையில் விரலால் தட்ட வேண்டும், எதிரில் இருப்பவர் அது எந்தப் பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதியையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். 120 பாட்டில் கண்டுபிடித்தது 3. தட்டுகிறவரின் தலைக்குள் முழுப் பாட்டும் ஓடுகிறது. கேட்பவர் காதில் விழுவது வெறும் டொக் டொக்.

துறை தெரிந்தவர் பேசும்போது நடப்பதும் இதுதான். பேச்சை முன்கூட்டியே துறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ஆம் என்றுதான் சொல்வார். "நான் சொன்னதை நீங்கள் சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.

எண்களை மனத்தில் நிற்கும் அளவுக்கு மாற்றுங்கள். பத்து லட்சத்துக்கும் நூறு கோடிக்கும் உள்ள தூரம் காதில் கேட்டால் உறைக்காது. பத்து லட்சம் நொடி என்பது சுமார் பதினொன்றரை நாள், நூறு கோடி நொடி என்பது ஏறக்குறைய 32 ஆண்டு என்று சொன்னால் உறைக்கும்.

காட்ட முடிந்ததைக் காட்டுங்கள். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73ஆம் நொடியில் சிதறி, உள்ளே இருந்த 7 பேரும் இறந்தார்கள். விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன், ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையத்தின் ஒரு துண்டைக் கவ்வியில் இறுக்கி, தன் முன்னால் இருந்த பனிக்கட்டித் தண்ணீரில் போட்டார். பிறகு எடுத்துக் கவ்வியைத் தளர்த்தினார். ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. விண்கலம் கிளம்பிய காலையில் கடுங்குளிர் என்பது எல்லோருக்கும் தெரியும். பக்கம் பக்கமான தொழில்நுட்ப அறிக்கை செய்யாததை ஒரு டம்ளர் தண்ணீர் செய்தது. அது விளக்கமா, மனத்தை மாற்றியதா? இரண்டும்தான்.

கடைசியாக ஒன்று. படிப்பவர் புரியாவிட்டால் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார். கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே "இதுவரை காரணம் சொன்னேன், இனி தீர்வு" என்று வழிகாட்டிப் பலகை நட்டுக்கொண்டே போக வேண்டும். எழுத்தில் அலுப்பூட்டும் இந்தத் திரும்பச் சொல்லல், பேச்சில் தேவை.

ஸ்லைடு கட்டாயமா?

இல்லை. படம், வரைபடம், எண் ஒப்பீடு இருந்தால் போடுங்கள். நீங்கள் பேசப்போகும் வாக்கியங்களையே திரையில் போட்டால், எல்லோரும் உங்களை முந்திக்கொண்டு படித்து முடித்துவிட்டுச் செல்போனை எடுப்பார்கள்.

மனத்தை மாற்ற எது முக்கியம்: தர்க்கமா, உணர்ச்சியா?

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் மூன்றைச் சொன்னார்: பேசுபவரின் குணம், கேட்பவரின் உணர்ச்சி, பேச்சிலுள்ள தர்க்கம். குணத்தைத்தான் ஏறக்குறைய எல்லாவற்றிலும் வலிமையானதாக வைத்தார். அனுபவத்தில் நானும் அதையே சொல்வேன். "இவர் நமக்காகப் பேசுகிறாரா, தனக்காகவா?" என்ற சந்தேகம் எழுந்துவிட்டால் மற்ற இரண்டும் வேலை செய்யாது.

உணர்ச்சியின் வலிமையை 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு நன்றாகக் காட்டியது. பசியால் வாடும் ஒரு சிறுமியைப் பற்றி மட்டும் படித்தவர்கள், லட்சக்கணக்கானோர் பட்டினியில் இருப்பதாகப் புள்ளிவிவரம் படித்தவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நன்கொடை கொடுத்தார்கள். சிறுமியையும் புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் காட்டியபோது? கொடை குறைந்துபோனது. எண் வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. ஒரு முகத்தைக் காட்டிய கையோடு எண்ணைக் கொட்டாதீர்கள். முகம் மனத்தில் இறங்கச் சற்று நேரம் கொடுங்கள்.

மூன்றும் கூடிவந்த பேச்சு ஒன்று சொல்ல வேண்டுமென்றால் ஃபிரெடரிக் டக்ளஸ் 1852 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் பேசியது. அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவர் அவர். அமெரிக்கச் சுதந்திர தினத்தையொட்டிப் பேச அழைத்திருந்தார்கள். நாட்டை நிறுவியவர்கள் துணிச்சல்காரர்கள் என்று முதலில் மனதாரப் பாராட்டினார். ஆனால் ஆரம்பத்திலிருந்தே "உங்கள்" விடுதலை, "உங்கள்" முன்னோர் என்றே சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு, ஓர் அடிமைக்கு இந்த நாள் என்னவாக இருக்கும் என்று கேட்டார். அதுவரை சாதாரணமாகக் காதில் விழுந்த "உங்கள்" அந்த இடத்தில் கத்தியாக மாறியது.

இந்த விஷயத்தில் தமிழ் பேசுபவர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் அடங்குவதற்கு நம்மிடம் "நாம்", "நாங்கள்" என்று இரண்டு உண்டு. "நாம் சேர்ந்து செய்யலாம்" என்பதற்கும் "நாங்கள் முடிவு செய்திருக்கிறோம்" என்பதற்கும் நடுவே ஒரு சுவரே இருக்கிறது. இணங்க வைக்கப் போன இடத்தில் "நாங்கள்" என்று வாய் தவறினால், கேட்பவர் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விடுவார்.

எதிர்த்தரப்பு வாதத்தை நானே சொல்லலாமா? அது அவர்களுக்கு உதவாதா?

எதிரில் இருப்பவர் யார் என்பதைப் பொறுத்தது. 1945இல் உளவியலாளர் கார்ல் ஹோவ்லண்டின் குழு அமெரிக்கப் படைவீரர்களிடம் இதைச் சோதித்தது. ஜப்பானுடனான போர் நீண்ட காலம் நடக்கும் என்பது செய்தி. ஏற்கெனவே அப்படி நினைத்தவர்களிடம் ஒருபக்க வாதம் நன்றாக எடுபட்டது. மாற்றுக் கருத்து உடையவர்களிடமும் அதிகம் படித்தவர்களிடமும் இருபக்கமும் சொன்ன வாதம் எடுபட்டது.

ஆகவே கட்சிக்காரர்கள் கூட்டத்தில் பேசும் முறையை அப்படியே எதிர்ப்பாளர்கள் முன்னால் கொண்டுபோகாதீர்கள். எதிர்வாதத்தை அவர்களே ஒப்புக்கொள்ளும் விதத்தில், முழு வலுவோடு சொல்லுங்கள். பிறகு பதில் சொல்லுங்கள். அவர்கள் சொல்லாத சொத்தை வாதத்தை வைக்கோல் பொம்மையாகக் கட்டி அடித்தால் உங்கள் ஆட்கள் மட்டும்தான் கைதட்டுவார்கள்.

பேச்சில் 93 சதவீதம் உடல்மொழியும் குரலும்தான், சொல் வெறும் 7 சதவீதம் என்கிறார்களே?

தவறு. பயிற்சி வகுப்புகளில் ஓயாமல் சொல்லப்படுகிற தவறு. உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து கிளம்பிய எண் இது. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு குரல் தொனியில் சொல்லி, முகபாவப் படங்களையும் காட்டி, பேசுபவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று ஊகிக்கச் சொன்ன சோதனைகள் அவை. உணர்ச்சியையும் மனப்பாங்கையும் பற்றிப் பேசும்போது மட்டுமே இது பொருந்தும் என்று அவரே சொல்லிவிட்டார். சொல்லுக்கு 7 சதவீதம்தான் என்றால், மொழி தெரியாத ஊரில் பேச்சைக் கேட்டாலும் 93 சதவீதம் புரிய வேண்டுமே!

குரலும் பார்வையும் முக்கியம்தான். முகம் ஒன்று சொல்லி வாய் வேறொன்று சொன்னால் ஜனங்கள் முகத்தை நம்புவார்கள். அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எவ்வளவு நேரம் பேசலாம்?

கொடுத்த நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக. 1863 நவம்பர் 19 அன்று அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் போர்க்களக் கல்லறைத் திறப்பில் அன்றைய பிரபலப் பேச்சாளர் எட்வர்ட் எவரெட் சுமார் இரண்டு மணி நேரம் பேசினார். அடுத்து எழுந்த லிங்கன் பேசியது ஏறக்குறைய 270 சொற்கள், இரண்டே நிமிடம். நீங்கள் இரண்டு நிமிடத்தில் தொட்ட மையக் கருத்தை நான் இரண்டு மணி நேரத்தில் நெருங்கியிருந்தாலே மகிழ்வேன் என்று எவரெட்டே மறுநாள் கடிதம் எழுதினார். குற்றமில்லாத சில சொற்களைச் சொல்லத் தெரியாதவர்கள்தான் பல சொற்களைச் சொல்ல ஆசைப்படுவார்கள் என்று வள்ளுவரும் குத்திக் காட்டியிருக்கிறார்.

சொல் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: நிமிடத்துக்கு 120 முதல் 150 சொல் என்பது ஆங்கிலக் கணக்கு. வேற்றுமையும் காலமும் ஒட்டிக்கொண்டு வரும் தமிழ்ச் சொற்கள் நீளம். அதே நேரத்தில் குறைவாகத்தான் பேச முடியும். கடிகாரத்தை வைத்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

எழுதிப் படிப்பதா, மனப்பாடமா, குறிப்பு வைத்துக்கொள்வதா?

மனப்பாடம்தான் இருப்பதிலேயே ஆபத்து. ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலி முழுக்கப் போய்விடும். இளம் வின்ஸ்டன் சர்ச்சில் பேச்சுகளை மனப்பாடம் செய்து பேசுபவர். 1904இல் நாடாளுமன்றத்தில் பாதியில் நூல் அறுந்து, தடுமாறி, அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு கையில் தாள் இல்லாமல் எழுந்ததில்லை. செய்யுள் வரிகள் போல உடைத்து உடைத்துத் தட்டச்சு செய்த தாள்கள் அவை. எங்கே மூச்சு விட வேண்டும் என்பதை வரியே சொல்லிவிடும். நல்ல உத்தி, காப்பியடிக்கலாம்.

தாளை விட்டு விலகவும் தெரிந்திருக்க வேண்டும். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் முன் பேசிய மார்ட்டின் லூதர் கிங், முடிவை நெருங்கும்போது தயாரித்த உரையைத் தள்ளிவைத்துவிட்டார். கனவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று பாடகி மஹாலியா ஜாக்சன் அருகிலிருந்து குரல் கொடுத்ததாக உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். உலகம் நினைவில் வைத்திருப்பது அந்தப் பகுதியைத்தான். ஆனால் அது அந்த நிமிடத்தில் வானத்திலிருந்து விழுந்ததல்ல. கனவு பற்றிய அந்தப் பகுதியை அவர் அதற்கு முன்பே வேறு மேடைகளில் பேசிப் பழகியிருந்தார்.

மேடையேறினால் கை நடுங்குகிறது. என்ன செய்வது?

அமைதியாக இரு என்று உங்களுக்கே உத்தரவு போடாதீர்கள். படபடக்கும் நெஞ்சு அதைக் கேட்காது. "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பேசியவர்கள், "அமைதியாக இருக்கிறேன்" என்று சொன்னவர்களைவிட நன்றாகப் பேசியதாக 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. பயத்திலும் உற்சாகத்திலும் நெஞ்சு ஒரே மாதிரிதான் அடிக்கிறது. அப்புறம், முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும் நெட்டுருப் போட்டுக்கொள்ளுங்கள். நடுக்கம் பெரும்பாலும் அங்கேயே கரைந்துவிடும்.

இணங்க வைப்பதற்கும் ஏமாற்றுவதற்கும் என்ன வித்தியாசம்?

பேச்சுக்கலை பிறந்தபோதே பிறந்த கேள்வி. சிறுவர்கள் நீதிபதிகளாக இருக்கும் மன்றத்தில் மருத்துவரும் பலகாரம் செய்பவரும் போட்டியிட்டால் மருத்துவர் பட்டினி கிடந்து சாக வேண்டியதுதான் என்று சாக்ரடீஸ் சொல்வதாக பிளேட்டோ எழுதியிருக்கிறார்.

நான் வைத்திருக்கும் உரைகல் இது: நான் என்ன உத்தி செய்கிறேன் என்று கேட்பவருக்கு முழுக்கத் தெரிந்தாலும் பேச்சு எடுபடுமா? ஃபெய்ன்மனின் தண்ணீர் டம்ளர் எடுபடும். "இன்று ஒரு நாள்தான் சலுகை" என்ற பொய் எடுபடாது.

மகிழ்விப்பு எப்போதும் அப்பாவி என்றும் நினைக்க வேண்டாம். 1994இல் ருவாண்டாவில் ஆர்டிஎல்எம் என்ற வானொலி துள்ளலான பாட்டும் அரட்டையும் ஜோக்குமாக இளைஞர்களைப் பிடித்து வைத்திருந்தது. அதே கலகலப்பான குரலில்தான் டுட்சி மக்களைக் கரப்பான்பூச்சி என்று பழித்து, கொல்லத் தூண்டியது. லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். 2003இல் ஐ.நா. தீர்ப்பாயம் அந்த வானொலியை நிறுவியவர்களுக்குத் தண்டனை விதித்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போது காவல் தளர்கிறது. அந்த நேரத்தில் உள்ளே எதை அனுப்புகிறோம் என்பதற்குப் பேசுபவர்தான் பொறுப்பு.

நல்ல கைதட்டல் கிடைத்தால் பேச்சு வெற்றி என்று வைத்துக்கொள்ளலாமா?

மகிழ்விக்கும் பேச்சென்றால், ஆமாம், ஓரளவுக்கு. விளக்கப் பேச்சை அளக்க வேண்டுமென்றால் இரண்டு நாள் கழித்து ஒருவரிடம் என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேளுங்கள். மனத்தை மாற்றும் பேச்சென்றால் எத்தனை பேர் படிவத்தில் கையெழுத்திட்டார்கள் என்று எண்ணுங்கள்.

அந்தத் தீ விபத்துப் பேச்சுக்கு மறு ஆண்டும் என்னைக் கூப்பிட்டார்கள், முன்பு நன்றாகச் சிரிக்க வைத்தேன் என்பதற்காக. இந்தமுறை ஐந்தாவது நிமிடத்தில் எல்லோரையும் எழுந்திருக்கச் சொல்லி, அவசர வழியாகக் கீழே இறங்கித் தெரு வரைக்கும் நடக்க வைத்தேன். திரும்ப மாடியேறி வந்தவர்களில் சிலர் மூச்சு வாங்கிக்கொண்டே முணுமுணுத்தார்கள். கைதட்டல் சுமார்தான். கதவு எந்தப் பக்கம் என்று இப்போது அவர்களில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம்.